சாரல் மாதத்தில் தண்ணீர் கேட்ட பிள்ளைகள்

அன்பு முப்பிடாதி அக்கா,

இசக்கி எழுதுகிறேன். நீ இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. ஐந்தருவியில் என் பழக்கடையும் உன் பஜ்ஜிக்கடையும் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே இருந்தன. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறவளுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? உனக்கு எழுத்தும் தெரியாது. அதனால்தான் இதை நாலு பேர் பார்க்கும்படி எழுதுகிறேன். யாராவது ஒருவர் உரக்க வாசிக்கட்டும், உன் காதில் விழட்டும்.

உன் மகள் கோமதிக்கு வேலை போய்விட்டது. போகும்படி செய்தவள் நான். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர் வாயால் நீ கேட்க வேண்டாம். ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவள்’ என்று தென்காசி மார்க்கெட்டில் என் காதுபடவே சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் ஒருத்தரும் என்ன நடந்தது என்று என்னிடம் கேட்கவில்லை. நீயாவது முழுதாகக் கேள். கேட்ட பிறகு திட்டு.

நீ போன மறு வருஷம் நான் கடையை விட்டேன். முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. மங்குஸ்தான் கூடையைத் தூக்கி வண்டியில் வைக்க முடியாதவள் பழம் விற்க முடியாது. மகன்கள் திருப்பூரில் இருக்கிறார்கள், வா வா என்றார்கள். நான் போகவில்லை. மருமகள் போடும் காப்பியைக் குறை சொல்லிக்கொண்டே சாக எனக்கு விருப்பம் இல்லை.

அப்போதுதான் கோமதி என் வீட்டுக்கு வந்தாள். குற்றாலத்தில் கடை போடுகிறவர்கள், லாட்ஜில் கூட்டிப் பெருக்குகிறவர்கள், இவர்களின் கைப்பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம் நடக்கிறது என்று உனக்குத் தெரியும். அவள் அங்கே சாதாரண ஊழியராகச் சேர்ந்ததை நீ பார்த்தாய். பொறுப்பாளர் ஆனதை நீ பார்க்கவில்லை.

“சித்தி, வீட்டுல கெடந்து சுவத்தப் பாத்துக்கிட்டு என்ன செய்யப் போறீய? எங்கூட வாங்க. ஆறு மாசம் பயிற்சி. முடிச்சா சர்டிபிகேட்டு, வேலையும் நிரந்தரம்.”

“ஏட்டி, நாலு பிள்ள பெத்தவளுக்குப் பிள்ள தூக்கப் படிச்சுக் குடுக்கப் போறியா?”

“பெத்தது இருக்கட்டும். கை கழுவத் தெரியுமா உங்களுக்கு?”

நான் கழுவிக் காட்டினேன். தப்பு என்றாள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று அவள் கழுவிக் காட்டினாள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவள் என்னைச் சேர்ப்பதற்கு நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. வயது கூடிவிட்டது, பள்ளிக்கூடம் போனதில்லை என்று அவர்கள் மறுத்திருக்கிறார்கள். “பள்ளிக்கூடம் போகலன்னா என்ன, பழம் மடிக்கிற பேப்பரப் படிச்சுப் படிச்சே எழுத்து கத்துக்கிட்ட ஆளு அது. எம் பொறுப்பு” என்று சொல்லியிருக்கிறாள். இதை நான் மறக்கவில்லை அக்கா. யாரும் எனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை.

பயிற்சியில் ஒரு பொம்மையைக் கொடுத்துக் குளிப்பாட்டச் சொன்னார்கள். கழுத்துக்குக் கீழே கை கொடுக்க வேண்டுமாம். பிள்ளையை அதட்டாமல் எப்படிப் பேசுவது, சோற்றை எப்படித் திணிக்காமல் ஊட்டுவது, எல்லாம் இருந்தது. கையேடு என்று ஒன்று தந்தார்கள். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். நான் வளர்த்த வளர்ப்பில் பாதி தப்பு என்று அதில் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. வெளியாட்கள் முன்னால் கோமதியை ‘மிஸ்’ என்று கூப்பிட வேண்டும் என்பது ஒன்றுதான் வாயில் வரவில்லை. நீ சாணித் தரையில் போட்டு எண்ணெய் தேய்த்தபோது என் மேல் ஒன்றுக்கு அடித்தவளை நான் எப்படி மிஸ் என்று கூப்பிடுவது?

பிள்ளைகள் என்னை ஆச்சி என்றார்கள். அதில் ரிஸ்வான் என்று ஒருவன். அச்சன்புதூர் ஆயிஷாவின் மகன். அவள் ஐந்தருவியில் நீ கடை போட்ட இடத்துக்கு எதிரே நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறாள். புருஷன் வெளிநாடு. பையன் இப்போதுதான் இரண்டு இரண்டு வார்த்தையாகச் சேர்த்துப் பேசுகிறான். “ஆச்சி வா. ஆச்சி போ.” அவனுக்கு நான் அந்த இரண்டுக்கு மட்டும்தான்.

இந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. ஆனி பிறந்த நாளிலிருந்து சூரியனை யாரும் பார்க்கவில்லை. அருவியில் கூட்டம், ரோடு முழுக்க வண்டி, கடைக்காரர்களுக்கு நல்ல வியாபாரம். காப்பகத்திலும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்குச் சாரல் என்றால் குளிர்ச்சி. பிள்ளை வளர்க்கிறவளுக்குச் சாரல் என்றால் துணி காயாது. உனக்குத் தெரியும்.

கூடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி, கயிறு முழுக்கச் சின்னச் சின்ன ஜட்டிகள் தொங்கும். கீழே ஃபேன் ஓடும். இரண்டு நாள் ஆனாலும் ஈரம் போகாது. இழுத்து முகர்ந்தால் பூசணம் பிடித்த வாடை. வாங்கிப் போட்டுத் தூக்கிப் போடும் டயப்பரை நிர்வாகம் கொடுத்துக்கொண்டிருந்தது. சித்திரையோடு நிறுத்திவிட்டது. கேட்டால் ‘பார்க்கலாம்’ என்று பதில்.

ஒருநாள் ரிஸ்வான் ஜன்னலில் ஏறி நின்று கம்பியை நக்கிக்கொண்டிருந்தான். வெளியே சாரல், கம்பியெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். விளையாடுகிறான் என்று நினைத்து இறக்கிவிட்டேன். மறுபடி ஏறினான். நாக்கை நீட்டி ஒரு கம்பி முடித்து அடுத்த கம்பிக்குப் போனான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பிள்ளை, கால் கழுவுகிற வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் தண்ணீர்ச் செம்பைத் தேடினேன். பிள்ளைகள் கைக்கு எட்டும்படி பெஞ்சில் இருக்கும் செம்பும் தம்ளர்களும் மேல் அலமாரியில் கவிழ்ந்து கிடந்தன.

அங்கே லதா என்று ஓர் உதவியாள் உண்டு. மேலகரத்துப் பெண், நல்ல உழைப்பாளி. அவளிடம் கேட்டேன்.

“பிள்ளையளுக்குத் தண்ணி குடுக்கலியாட்டி?”

“காலைல பால் குடிச்சிட்டுலா ஆச்சி. மத்தியானம் சோத்தோட ரெண்டு மடக்கு. அதுக்கு மேல கெடையாது. மிஸ் சொல்லிருக்கு.”

“கெடையாதுன்னா?”

அவள் முகவாயால் கயிற்றைக் காட்டினாள். “அங்கன பாருங்க. முந்தாநாள் அலசுனது. குடிச்சா மோளும். மோண்டா எதை மாட்டிவிட? ஒங்க சேலையக் கிழிச்சுத் தாரீயளா?”

“கேட்டு அழுதா?”

“மொத நாளு அழும். ரெண்டாம் நாளு அழும். பொறவு கேக்காது.”

அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை அக்கா. பால் பொங்கினால் அடுப்பைக் குறை என்பது மாதிரி சொன்னாள். பிறகு கேட்காது என்றாளே, அது உண்மையாக இருந்தது. பெரிய பிள்ளைகள் யாரும் தண்ணீர் கேட்கவில்லை. புதிதாக வந்த சின்னதுகள்தான் கம்பியை நக்கின.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு கோமதியிடம் பேசினேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் பேசினேன். இதையும் நீ குறித்துக்கொள். ‘வாசலில் வைத்து மானத்தை வாங்கினாள்’ என்கிறவர்களுக்கு இது தெரியாது.

“இது சரியில்ல கோமதி” என்றேன்.

அவள் ஜட்டிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பேசினாள். கை நிற்கவில்லை. “ஈரத்தோட கெடந்தா சளி பிடிக்கும் சித்தி. போன வருஷம் ரெண்டு பிள்ளைக்கு நெஞ்சுச் சளி. தாய்மாரு சண்டைக்கு வந்தாளுக. எனக்கும் லதாவுக்கும் சேத்து நாலு கைதான். துணி காயணும், இல்ல துணி நனையாம இருக்கணும். வேற வழி இருந்தா சொல்லுங்க.”

“டயப்பரு கேளு.”

“கேட்டுக் கேட்டு வாய் வலிக்கி.”

“ஆளு கேளு.”

“அதான் உங்களத் தந்திருக்காவளே” என்றாள். அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். உன் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“சீசன் முடியுற வரைக்கும்தான் சித்தி. பொறவு வெயிலு வந்துரும்.”

“அதுவரைக்கும் பிள்ளைக்குத் தாகம் எடுக்காதோ?”

அவள் அடுத்த ஜட்டியைத் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் நான் செம்பை இறக்கிப் பெஞ்சில் வைத்தேன். ஒளித்து மறைத்து அல்ல, எல்லாரும் பார்க்க வைத்தேன். கேட்ட பிள்ளைக்குக் கேட்டபோது கொடுத்தேன். மத்தியானத்துக்குள் கயிற்றில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோனது. பிள்ளைகள் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் ஓடினார்கள். லதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலசினாள். என் முழங்காலால் குத்துக்காலிட்டு அலச முடியாது. ஆக, நான் தண்ணீர் கொடுத்தேன், அந்தப் பெண் துவைத்தாள். இதில் நியாயம் அவள் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செம்பை மறுபடி மேலே வைக்க ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் கோமதி என்னை அடுப்படிக்கு மாற்றினாள். “காய் நறுக்குங்க சித்தி. கூடத்துக்கு வர வேண்டாம்.” பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “நீங்க டிரெய்னிங்ல இருக்கீய. நான்தான் கையெழுத்துப் போடணும். என்னையச் சங்கடத்துல விடாதீய” என்றாள். மிரட்டலா, கெஞ்சலா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் போல.

நான் நிர்வாகத்துக்கு ஃபோன் பண்ணினேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “நீங்க பயிற்சியில இருக்கிறவங்க. எதுவா இருந்தாலும் பொறுப்பாளர் மூலமாச் சொல்லுங்கம்மா.”

“பொறுப்பாளரைப் பத்தித்தான சொல்லுதேன்.”

“அதையும் அவங்க மூலமாவே சொல்லுங்க.”

அதற்கு மேல் என்ன பேச? வைத்துவிட்டேன். மறுபடியும் ஒரு தடவை பண்ணினேன். டயப்பர் நிறுத்தியதையும், பிள்ளைகளுக்குத் தண்ணீர் இல்லாததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ‘குறித்துக்கொண்டோம்’ என்றார்கள். ஒருவரும் வரவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. ரிஸ்வானுக்கு முந்தின நாளே வயிற்றுப்போக்கு இருந்திருக்கிறது. ஆயிஷா காலையில் விடும்போது லதாவிடம் சொல்லியிருக்கிறாள். வயிறு போகிற பிள்ளைக்கு எத்தனை துணி வேண்டும் என்று யோசித்துப் பார். அவனுக்கு அன்று தண்ணீரை வழக்கத்தையும் விடக் குறைத்துவிட்டார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். தட்டு எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனபோது அவன் பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். ‘ஆச்சி வா’ இல்லை, ‘ஆச்சி போ’ இல்லை. உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து சிறுநீர் போகவே இல்லை என்று லதா சொன்னாள், ஏதோ நல்ல செய்தி மாதிரி.

நான் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கரண்டியால் ஊற்றினேன். கோமதி பார்த்துக்கொண்டு நின்றாள், தடுக்கவில்லை. அவளுக்கும் பயம் வந்துவிட்டது. அவன் பாதி குடித்தான், பாதி கடைவாயில் வழிந்தது. ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பினோம். சனி, ஞாயிறுக் கூட்டம் அன்றே வரத் தொடங்கியிருந்தது. ரோட்டில் வண்டி அசையவில்லை. அதற்குள் பையன் வயிறு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆயிஷாவே வந்துவிட்டாள். அவளோடு இன்னும் சில தாய்மார்களும் வாசலில் நின்றார்கள்.

“என்ன மிஸ், பிள்ள இப்பிடி வாடிக் கெடக்கான்?” என்று ஆயிஷா கேட்டாள்.

“தூங்கி எந்திரிச்ச முகம்” என்றாள் லதா.

கோமதி என்னைப் பார்த்தாள். சித்தி, சொல்லிராதீய என்று அந்தக் கண் சொன்னது. நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, “எம்பிள்ளைக்கு இனி நீதான்” என்றபோது அதே கண்ணால்தான் பார்த்தாய்.

நான் சொல்லிவிட்டேன் அக்கா. “தண்ணி குடுக்கல ஆயிஷா. துணி நனைஞ்சிரும்னு எந்தப் பிள்ளைக்கும் தண்ணி குடுக்கதில்ல. டாக்டர்கிட்டப் போனதும் இத மொதல்ல சொல்லு. தெரியாம வேற எதுக்காவது மருந்து குடுத்திருவாரு.”

அந்த இடத்தில் நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஒருவழியாக ஆட்டோ வந்தது, தென்காசி ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். நானும் கூடவே இருந்தேன். ஆயிஷா அழவில்லை, திட்டவில்லை. பிள்ளையின் கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் திடீரென்று எழுந்தாள், சேலை முன்பக்கம் முழுக்க ஈரம். “ஆச்சி, மோண்டுட்டான்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகுதான் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களை ஒருமாதிரி பார்த்தார்கள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். மற்றதெல்லாம் அதன் பிறகு உடைந்தது. தாய்மார்கள் கூடிப் போய்ப் புகார் கொடுத்தார்கள். அதிகாரி வந்தார். காப்பகத்தைப் பூட்டினார்கள். நிர்வாகம் ஒரே வரியில் சொல்லிவிட்டது: எங்களுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் பொறுப்பாளர் செய்தது. கோமதியை நிறுத்திவிட்டார்கள்.

அவள் வீட்டுக்குப் போனேன். இப்போது செங்கோட்டையில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“நான் என்ன, பிள்ளையள அடிச்சேனா? சூடு போட்டேனா?”

“தண்ணி குடுக்கல.”

“அருவிக்கரைல என்னைய உக்கார வச்சு, தண்ணி கேட்டா ‘பொறுட்டி, வீட்டுல போய்க் குடி’ன்னு சொன்னது யாரு சித்தி? எங்கம்மாவும் நீங்களுந்தான? பகல் முழுக்க நீங்க ரெண்டு பேரும் ஒரு மடக்குக் குடிச்சு நான் பாத்ததில்ல. ஒங்ககிட்டப் படிச்சதத்தான் செஞ்சேன். நான் என்ன செத்தா போனேன்?”

இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அருவிக்கரையில் கடை போடும் பெண்கள் சீசன் நேரத்தில் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். எங்கே பார்த்தாலும் ஆண்கள், ஆயிரம் கண். கட்டணக் கழிப்பறை வரிசையில் நின்று வருவதற்குள் கடையைக் குரங்கு காலி செய்துவிடும். ஆகையால் காதடைக்கிற மாதிரி தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்ட வைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்தோம். கைப்பிள்ளையையும் அப்படியே பழக்கினோம். இடம் இல்லாததால் செய்தது. காப்பகத்தில் கழிப்பறை இருந்தது, குழாய் இருந்தது, இடம் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. இதை அவளிடம் நான் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. “நீ சாகல கோமதி. உங்கம்மா செத்தா” என்றேன்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிட்னி டாக்டர் உன்னிடம் கேட்டாரே, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க என்று. “சீசன்லயா, மத்த நாள்லயா?” என்று நீ சிரித்துக்கொண்டு கேட்டாய். அவர் சிரிக்கவில்லை. வருஷக்கணக்காக இப்படி இருந்ததும் கிட்னி கெட்டதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். வெளியே வந்ததும் என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாய். “கோமதிகிட்டச் சொல்லாதட்டி. நமக்குச் சோறு போடத்தான அம்மா இப்பிடிக் கெடந்தான்னு கெடந்து மறுகுவா. சர்க்கரைன்னு சொல்லிரு.” நான் இத்தனை நாளும் சர்க்கரை என்றே சொல்லி வந்தேன். அன்று அந்தப் பாதிக் கதவின் முன்னால், இரண்டே வார்த்தையில் அந்தச் சத்தியத்தை முறித்துவிட்டேன்.

அவள் கதவைச் சாத்தவில்லை. பிறகு மெதுவாக, “போங்க சித்தி” என்றாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

வாசலில் வைத்து ஆயிஷாவிடம் சொன்னதற்கு எனக்கு வருத்தம் இல்லை. நாளைக்கும் சொல்வேன். இந்த வார்த்தைக்குத்தான் வருத்தம். உண்மை என்பதால் அதைச் சொல்லலாம் என்று ஆகிவிடுமா? அவளை ஜெயிக்க அதை எடுத்தேன். உன்னை எடுத்து உன் மகளை அடித்தேன். இதற்கு நீ என்னைத் திட்டலாம். திட்டினால் கேட்டுக்கொள்வேன், வாய் பேச மாட்டேன்.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. காப்பகம் பூட்டிக் கிடக்கிறது, சீசன் நடந்துகொண்டிருக்கிறது. போன வாரம் ஐந்தருவிக்குப் போனேன். ஆயிஷாவின் கடைக் கம்பத்தில் ஒரு துப்பட்டா கட்டியிருக்கிறது. அதன் மறுமுனை ரிஸ்வான் இடுப்பில். அந்தப் பக்கம் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி, இந்தப் பக்கம் ரோடு. இரண்டுக்கும் எட்டாத நீளமாக அளந்து கட்டியிருக்கிறாள்.

“ஆச்சி, நீங்க சொன்னது சரிதான்” என்றாள் சிப்ஸைத் துழாவிக்கொண்டே. “சரியாத்தான் சொன்னீய. இப்ப நான் இவன எங்கன கொண்டு விட?”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முழங்காலை நினைத்து நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் அவனை மடியில் வைத்திருந்துவிட்டு வந்தேன். அன்று நான் சொன்னது சரி என்றால் அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன் போல. வயதானவளுக்கு இது ஒரு புதுப் பாடம். பிடிக்கவில்லை.

இப்போது உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். வருகிற புதன்கிழமை விசாரணை. அதிகாரி முன்னால் எல்லாரும் சொல்ல வேண்டும். நேற்று நிர்வாகத்திலிருந்து ஓர் ஆள் பழமெல்லாம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். மங்குஸ்தான். யாரிடம் வாங்கினாரோ, நாலில் ஒன்று அழுகல்.

“அம்மா, நீங்க நேர்மையானவங்க. நடந்ததச் சொல்லுங்க. பிள்ளைங்களுக்குத் தண்ணி குடுக்காதது பொறுப்பாளர் முடிவு. அவ்வளவுதான?”

“அவ்வளவுதான் இல்ல. நான் ரெண்டு தடவ ஃபோன் பண்ணுனேன்.”

“அது பதிவுல இல்லைங்கம்மா. அத விடுங்க. காப்பகத்தப் புது ஆட்களோட திறக்கப் போறோம். உங்க பயிற்சி முடிஞ்சதா எழுதித் தாரோம். மொத வேலை உங்களுக்குத்தான்.”

அவர் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன்.

நான் யோசிக்கவே இல்லை என்றால் பொய் அக்கா. அந்த வேலை எனக்கு வேண்டும். காப்பகம் திறந்தால் ரிஸ்வானின் இடுப்பிலிருந்து அந்தத் துப்பட்டா அவிழும். நான் சொல்வதில் ஒரு சங்கதியை விட்டுவிட்டால் போதும். நான் பொய் சொல்லவும் வேண்டாம், ஃபோன் பண்ணியதைச் சொல்லாமல் இருந்தால் போதும். கோமதியோ ஏற்கெனவே என்னோடு பேசுவதில்லை. அவளுக்காக நான் வாய் திறந்தாலும் பேசப் போவதில்லை. ஏனென்றால் அதே வாயால் தண்ணீர் கொடுக்காததையும் நான் சொல்வேன்.

உன் மகள் செய்தது தப்பு. அதில் ஒரு இம்மியும் குறைத்துச் சொல்ல மாட்டேன். உனக்காகவும் குறைக்க மாட்டேன். ஆனால் அவள் மட்டும் செய்த தப்பு இல்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்தவள் அவள். கேட்டும் காது கொடுக்காதவர்கள் இப்போது கை கழுவிக்கொண்டு நிற்கிறார்கள்.

எனவே, உனக்கு வாக்குத் தருகிறேன். புதன்கிழமை முதல் பஸ்ஸில் போய் அந்த அதிகாரி முன்னால் நிற்பேன். அலமாரியில் கவிழ்ந்து கிடந்த தம்ளரைச் சொல்வேன். டயப்பர் நின்றதைச் சொல்வேன். நான் பேசிய ஃபோனைச் சொல்வேன், எடுத்தவர் பேசியதை வார்த்தை மாறாமல் சொல்வேன். ‘உட்காருங்கம்மா, போதும்’ என்றால் உட்கார மாட்டேன். உன் சாவைப் பற்றி மட்டும் அங்கே ஒரு வார்த்தை வராது. இங்கே எழுதியது போதும், அங்கே அதைத் தூக்கிக்கொண்டு அவளை இன்னொரு தடவை அடிக்க மாட்டேன்.

அவளும் அந்த அறையில் இருப்பாள். அவள் என் முகத்தைப் பார்க்க வேண்டாம். காதில் விழுந்தால் போதும்.

என்றும்
உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
இலஞ்சி இசக்கியம்மாள்